பாட்டு முன்னே, மண்டபம் பின்னே

பங்குப் பேரவைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழுகின்ற ஒரு பேச்சு உண்டு. திருவிழாக் கணக்கு வாசித்து முடிந்து, தேநீரும் அருந்தி, அனைவரும் எழப்போகும் நேரத்தில் யாராவது ஒருவர் அதைத் தொடங்கி வைப்பார். "சாமி, நம்ம பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், நாடகம் சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல மண்டபம் இல்லையே. ஒண்ணு கட்டிட்டா மத்ததெல்லாம் தானா நடக்குமுங்க" என்பார். உடனே இடம், சதுர அடி, கம்பி, சிமெண்டு, நன்கொடை என்று பேச்சு விரியும். தொகை வளர வளர முகங்கள் வாடும். "அடுத்த வருசம் பார்க்கலாமுங்க" என்று கூட்டம் கலையும். அதற்குள் பாட்டுக் கற்க வேண்டிய பிள்ளைகள் வளர்ந்து பனியன் கம்பெனி வாசலுக்குள் நுழைந்துவிடுவர்.

மண்டபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் ஊரில் கலைக்கூடம் எப்படிப் பிறக்கிறது என்பதை வரலாற்றில் சற்றே தேடிப் பார்த்தால், நம் பேரவைக் கணக்கின் வரிசை சரிதானா என்னும் ஐயம் எழுகிறது. இதற்காக மூன்று ஊர்களின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அயர்லாந்து நாட்டில் ஒரு சிறு நகரம். மற்றொன்று ஈழத்து யாழ்ப்பாணம். இன்னொன்று நம் காவிரிக் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி. மூன்று இடங்களிலும் கலைப்பணியைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்க அருட்பணியாளர்கள். மூன்றும் 1957க்கும் 1977க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வேர்விட்டவை. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆயினும் மூன்றிலும் ஒரே ஒழுங்கு காணப்படுகிறது.

ஆள் போனால் பாட்டும் போகும்

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் தீவு. கத்தோலிக்க விசுவாசத்துக்காக நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட நாடு. 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழை உழவருக்குக் கிழங்கே சோறாக இருந்ததால், அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். இன்னும் 10 இலட்சம் பேர் கப்பலேறினர். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிவந்த 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கொங்கு நாடு மறக்காதது போல, அயர்லாந்தும் அதை இன்றுவரை மறக்கவில்லை. பஞ்சம் நீங்கிய பின்பும் கப்பலேறும் வழக்கம் நிற்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1950களிலும் இளைஞர்கள் வேலை தேடி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டே இருந்தனர். ஆள் போனால் அவரோடு பாட்டும் போகும். அவர் ஆடிய ஆட்டமும் போகும். அவர் பேசிய மொழியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

அந்நாட்டின் தென்மேற்கில் கெர்ரி என்னும் மாவட்டம் உள்ளது. அதன் தலைநகர் டிரலீ. மக்கள்தொகை ஏறத்தாழ 25 ஆயிரம். நம் பல்லடத்தைவிடச் சிறிய ஊர். 1957இல் பாட் அஹெர்ன் என்னும் இளம் அருட்பணியாளர் அவ்வூரின் புனித யோவான் ஆலயத்துக்குத் துணைப்பங்குத் தந்தையாக வந்தார். ஆலயத்துக்குப் பாடகர் குழு ஒன்றை அமைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் குழுவை அமைத்தார். திருப்பலிப் பாடல்களில் தேறிய அக்குழு, 1960களின் தொடக்கத்தில் ஆண்டவரின் திருப்பாடுகளை இசையோடு மேடையேற்றியது.

அதன்பின் அவர் எடுத்த அடிதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் அந்த மண்ணின் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, கதிரடிப்பது, கூரை வேய்வது, கொல்லன் பட்டறையில் இரும்படிப்பது ஆகிய அன்றாட வேலைகளின் அசைவுகளையே அவர் ஆட்டமாகவும் பாட்டாகவும் அமைத்தார். பாடல்கள் ஐரிஷ் மொழியில் இருந்தன. பழைய நடன ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று கற்பித்துப்போன வட கெர்ரியின் காலடி ஆட்டத்தை, அதைக் கற்று நினைவில் வைத்திருந்தவர்களிடமிருந்தே மீட்டு இளையோருக்குக் கற்பித்தனர். ஆடியவர்கள் அனைவரும் அக்கம்பக்கத்து மக்கள். பகலில் அவரவர் வேலைக்குப் போய், மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள்.

1974இல் அக்குழு 'ஷீயம்சா டீரா' என்னும் பெயரில் நாட்டார் அரங்காக முறைப்படி நிறுவப்பட்டது. மண்ணின் மகிழ்கூத்து என்று நாம் அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். டிரலீயில் பெரிய அரங்கு கட்டும் முன்பாகவே, சுற்றுப்புறச் சிற்றூர்கள் இரண்டில் எளிய பயிற்சி இல்லங்கள் திறக்கப்பட்டன. பிள்ளைகள் நகரத்துக்கு வரவேண்டும் என்று காத்திராமல் பயிற்சி பிள்ளைகளிடம் சென்றது. 1976இல் இக்குழு நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் ஆடியது. பாட்டனும் பூட்டனும் கப்பலேறிச் சென்ற நாட்டுக்கு, அவர்கள் விட்டுச்சென்ற ஆட்டம் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். டிரலீ நகரப் பூங்காவின் ஓரத்தில், பழங்கால வட்டக் கற்கோட்டையை நினைவூட்டும் அந்த அழகிய கலைமையம் எழுந்தது 1991இல்தான். இன்று அங்கே நாடகமும் இசையும் ஓவியக் காட்சியும் நடைபெறுகின்றன. பாடகர் குழு தொடங்கியது 1957. கூரை வந்தது 1991. இடையில் 34 ஆண்டுகள்.

போரின் நடுவே ஒரு மேடை

இனி யாழ்ப்பாணம். பவானிசாகர் போன்ற முகாம்களில் வாழும் ஈழத் தமிழரோடு பழகியவர்களுக்கு, அவர்களின் கத்தோலிக்கக் கூத்து மரபு புதிதாக இராது. யாழ்ப்பாணக் கரையோரத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளையும் திருமறைக் கதைகளையும் இரவு முழுவதும் ஆடும் கூத்துகளாக வளர்த்தெடுத்தனர். அண்ணாவியார் என்று மதிப்போடு அழைக்கப்படும் ஆசிரியர் பாட்டையும் ஆட்டத்தையும் மாதக்கணக்கில் பழக்குவார். ஏடுகளில் கிடந்த இக்கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அச்சில் கொண்டுவந்தார். மன்னார் மரபின் 'என்றிக் எம்பரதோர்' நாடகம் 1964இலும், 'மூவிராசாக்கள்' நாடகம் 1966இலும் வெளியாயின.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 1965இல், நீ. மரியசேவியர் என்னும் இளம் அருட்பணியாளர் 'திருமறைக் கலாமன்றம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதன் விதை, தவக்காலத்தில் பங்கு மக்களைக் கொண்டு நடத்திய திருப்பாடுகளின் நாடகமே. டிரலீயில் நிகழ்ந்தது போலவே இங்கும் ஆண்டவரின் பாடுகளை நடித்தவர்கள்தான் முதற் கலைஞர்கள். பிறகு நாட்டுக்கூத்து, இசைநாடகம், வார்த்தைகளற்ற நாடகம் என்று கிளைகள் பெருகின. அவர் கிறிஸ்தவப் பொருளோடு நின்றுவிடவில்லை. தமிழ் மரபின் கதைகளும் வரலாறும் மேடையேறின. கத்தோலிக்கரல்லாத கலைஞர்களும் மன்றத்தைத் தம் வீடாகக் கொண்டனர்.

காலம் கொடியதாக மாறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. 1983க்குப் பின் போர் மூண்டது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது, காகிதமும் அரிது. அந்தச் சூழலில்தான், 1990இல், கலாமன்றம் 'கலைமுகம்' என்னும் இதழைத் தொடங்கியது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. மழையில், இருட்டில், ஒடுங்கிய பாதையில் நடந்த அந்த மக்கள் எதைச் சுமந்து சென்றிருக்க முடியும்? மேடையை எடுத்துச் செல்ல முடியாது. திரைச்சீலையையும் ஒப்பனைப் பெட்டியையும் எடுத்துச் செல்ல முடியாது. நெஞ்சில் பதிந்த பாட்டு ஒன்றே சுமையில்லாத உடைமை.

மன்றம் சிதறிவிடவில்லை. மக்கள் திரும்பியபோது அதுவும் மீண்டும் எழுந்தது. பேச்சில்லாத நாடகங்களை மேடையேற்றியதால், மொழி அறியாத சிங்கள மக்கள் முன்னும் அதனால் நிற்க முடிந்தது. துப்பாக்கிகள் பேசிய காலத்தில் தெற்கிலுள்ள கலைஞர்களோடு அது உறவு பேணியது. அருட்தந்தை மரியசேவியர் 2021இல் மறைந்தார். குருமடப் பேராசிரியராகவும் நாடக ஆசிரியராகவும் வாழ்ந்த அவரை மக்கள் 'கலைத்தூது' என்னும் பட்டத்தோடு நினைவுகூர்கின்றனர். கட்டடத்தில் வாழும் கலையைக் குண்டு அழித்துவிடலாம். மனிதரில் வாழும் கலை அந்த மனிதரோடு நடந்து போய், அவரோடு திரும்பியும் வரும். இதை யாழ்ப்பாணம் நமக்கு விலை கொடுத்துக் கற்பித்திருக்கிறது.

காவிரிக் கரையில்

நம் நொய்யல் வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கிழக்கே காவிரியில் கலக்கிறது. அந்த நீரோடு போனால் திருச்சிராப்பள்ளியை அடையலாம். நெசவில் அவ்வூர் நமக்கு மூத்தது. உறையூரின் மெல்லிய பருத்தித் துணியைப் பண்டைய கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று குறிப்பிடுகிறது. அங்கு நடந்த அகழாய்வில் சாயத் தொட்டியும் கிடைத்தது. அந்த ஊரில்தான் 1977இல் அருள்திரு எஸ்.எம். ஜார்ஜ் 'கலைக் காவிரி' என்னும் பண்பாட்டு இயக்கத்தைத் தொடங்கினார். அருள்சகோதரி மார்கரெட் பாஸ்டின் அவரோடு தோள்கொடுத்து, நாட்டியக் கல்வியைப் பல்லாண்டு வழிநடத்தினார்.

இவ்வியக்கம் தோன்றிய பின்னணியை நாம் மறந்துவிடக் கூடாது. தமிழகத் திருச்சபை கலையை அறியாததன்று. வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடி, தமிழ்க் காப்பிய மரபில் புனித சூசையப்பருக்கு இடம் தேடித் தந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கீர்த்தனைகள் இயற்றினார். ஆனால் ஆலய வழிபாட்டில் இலத்தீன் மொழியும் மேலைநாட்டு இசையுமே நெடுங்காலம் ஆட்சி செய்தன. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு வழிபாட்டில் உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் என்று அது பணித்தது. சங்கம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நடந்து வர ஆள் வேண்டுமே! தமிழ் இசையில் தேர்ந்த கத்தோலிக்கர் எத்தனை பேர் இருந்தனர்? பரதம் கற்றவர் எத்தனை பேர்? 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவை நிறுவிய பிறகுதான் பரதநாட்டியமே பொதுக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது. கத்தோலிக்கக் குடும்பங்களில் அது இன்னும் அந்நியமாகவே இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே கலைக் காவிரி பிறந்தது.

அங்கும் இயக்கம் முதலில், நிறுவனம் பிறகு. பாடல்களும் நாட்டிய நாடகங்களும் ஊர் ஊராகச் சென்றன. ஒலிநாடாக் காலத்தில் கலைக் காவிரியின் பக்திப் பாடல்கள் பல வீடுகளில் ஒலித்தன. அதன்பின் அது நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது. இன்று குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம், பரதம் ஆகியவற்றைப் பட்டப்படிப்பாகவே அங்கு கற்கலாம். பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர்.

எங்கள் பங்கின் இளையோர் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். கண்டோன்மெண்ட் பகுதியின் வாகன இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால், ஒரு பக்கம் தம்புராவின் சுருதி. மறுபக்கம் தட்டுக்கழியின் ஒலி. ஒரு மாணவியர் குழு ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. ஆசிரியை நிறுத்தச் சொல்வார், ஒருத்தியின் முழங்கையைச் சற்று உயர்த்துவார், மீண்டும் தொடங்குவர். எங்களோடு வந்தவர்களில் பவர்டேபிள் ஓட்டும் ஓர் இளைஞர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாமி, இவங்க ஒரே அடவை இத்தனை தடவை போடுறாங்க. நாங்களும் ஒரே தையலைத்தான் நாள் முழுக்கப் போடுறோம். எங்களுக்கு அதுல கை சலிச்சுப் போகுது. இவங்களுக்கு இதுல கை அழகாகுது." அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. மறையுரைகளில் உழைப்பின் மாண்பு பற்றி நாம் சொல்லும் பலவற்றைவிட அந்தச் சொல் ஆழமாக இருந்தது.

மூன்றிலும் பொதுவானவை

மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது, எவரும் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை. டிரலீயில் பாடகர் குழு இருந்தது. யாழ்ப்பாணத்தில் தவக்கால நாடகம் இருந்தது. திருச்சியில் வழிபாட்டுக்குத் தமிழ்ப் பாடல் தேவை என்னும் ஏக்கம் இருந்தது. பங்கில் ஏற்கெனவே இருந்ததை எடுத்து, அதை ஒழுங்காகச் செய்தார்கள்.

இரண்டாவது, கற்றவரைத் தேடிப் போனார்கள். கெர்ரியில் முதியவர்களிடம் காலடி கற்றனர். யாழ்ப்பாணத்தில் கூத்து மரபைத் தேடினர். திருச்சியில் இசையும் நாட்டியமும் முறைப்படி பயின்றனர். பக்தி இருந்தால் போதும், பயிற்சி வேண்டாம் என்று அவர்கள் எண்ணவில்லை. சுருதி சேராத பாட்டை 'ஆண்டவருக்காகத்தானே' என்று மன்னிக்கும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

மூன்றாவது, கதவைத் திறந்து வைத்தார்கள். மண்ணின் கலை ஒரு சபைக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. ஊரார் அனைவரும் ஊற்றிய நீரில் வளர்ந்த மரத்தின் நிழலை ஒருவர் மட்டும் வேலிகட்டிக் கொள்ளலாகாது.

நான்காவதாகத்தான் கட்டடம். அதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு கூரை வந்தபின்புதான் ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்த முடியும். இசைக்கருவிகளையும் ஏடுகளையும் மழையிலிருந்து காக்க முடியும். ஆசிரியருக்கு மாத ஊதியம் தர முடியும். ஆனால் கட்டடத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. மேடை உயர்ந்துவிட்டால் மக்கள் கீழே அமர்ந்து பார்ப்பவர்களாக மாறிவிடுவர். ஆடத் தெரிந்த ஊர் கைதட்டத் தெரிந்த ஊராகச் சுருங்கிவிடும். ஆடுவோர் முதலில் உருவாகியிருந்தால் மட்டுமே மண்டபம் அவர்களுக்கு வீடாகும். இல்லையேல் அது வாடகைக்கு விடும் கல்யாண மண்டபமாகவே முடியும். அத்தகைய மண்டபங்களை நாம் எல்லாரும் அறிவோம்.

நம் நொய்யல் கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கலை இல்லை என்று சொல்பவர் இம்மண்ணை அறியாதவர். திருமறைக் கலாமன்றம் தோன்றிய அதே 1965இல், காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் அமர்ந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். எழுத்தில் கட்டுப்படாமல் பாடகரின் நினைவிலேயே வாழ்ந்த அந்தப் பெருங்கதை, பின்னர் தமிழும் ஆங்கிலமுமாக நூலாகி உலகத்தார் கைகளுக்குப் போனது. நம் வாசலில் கிடந்த பொன்னை நாம் காணும் முன்பே, கடல் கடந்து வந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டார்.

இன்று கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வள்ளி கும்மி புத்துயிர் பெற்றிருப்பதைக் காண்கிறோம். ஆசிரியர் ஒருவர் ஊருக்கு வருகிறார். கோயில் திடலில், களத்துமேட்டில், வேலை முடிந்த இரவுகளில் சிறுவரும் பெரியவரும் கூடிக் கற்கின்றனர். சில மாதங்களில் அரங்கேற்றம். மண்டபம் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை. டிரலீயின் பாடம் நம் பக்கத்து ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

நம் பங்குகளின் நிலையோ இன்னும் செழுமையானது. அதை நாம் உணரவில்லை. திருப்பூரில் 1920களில் முதல் பின்னல் எந்திரங்கள் வந்தன. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது. அதன்பின் வந்த மக்கள் வெள்ளத்தில் திண்டுக்கல், திருச்சி, சிவகங்கை, இராமநாதபுரம், நெல்லை என்று எல்லாச் சீமைகளின் கத்தோலிக்கரும் உண்டு. அவர்களின் சொந்த ஊர்களில் பாஸ்கா நாடகம் இருந்தது. தேர்ப்பவனியின் பாட்டு இருந்தது. தவக்காலத்தில் பெண்கள் பாடும் புலம்பல் இருந்தது. ஊரில் பாஸ்காவில் பேதுருவாக நடித்தவர் இங்கே கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். மரியன்னையின் புலம்பலை மனப்பாடமாகப் பாடியவர் இங்கே செக்கிங் மேசையில் நிற்கிறார். நாம் அவர்களிடம் ஞாயிறு காணிக்கை கேட்டிருக்கிறோம், பாட்டுக் கேட்டிருக்கிறோமா?

அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளையோர் வருகின்றனர். அவர்களில் முண்டா, ஒராவோன், கடியா இனத்துக் கத்தோலிக்கர் பலர். மாந்தர் முழவின் தாளத்துக்குக் கைகோத்து வரிசையாக ஆடுவது அம்மக்களின் வழக்கம், வழிபாட்டிலும் ஆடுவர். இங்கே அவர்கள் ஆலயத்தின் கடைசி வரிசையில், மொழி புரியாமல், அமைதியாக நின்றுவிட்டுத் திரும்புகின்றனர். பாபிலோன் ஆற்றங்கரையில் அலரி மரங்களில் யாழைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த மக்களைப் பற்றித் திருப்பாடலில் வாசிக்கிறோமே, அவர்களை நம் நொய்யல் கரையிலேயே காணலாம்.

"சாமி, நேரம் எங்கிருக்கிறது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. மண்டபத்தைவிட இதுவே பெரிய தடை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார்கள். சனிக்கிழமை சம்பளம்; அவசர ஆர்டர் வந்தால் ஞாயிறும் வேலை. இந்த நேரத்தை மீட்பதற்கு முதலாளிகளோடும் பேச வேண்டியிருக்கும். நம் பங்குகளிலேயே கம்பெனி நடத்துவோர் உண்டு. அவர்களிடம் மண்டபத்துக்குச் சிமெண்டு கேட்பதற்கு முன், தம் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விட்டுத் தரும்படி கேட்கலாம். அந்த நன்கொடைக்குக் கல்வெட்டு இராது. ஆனால் அதுவே முதற்கல்.

தொழிற்சாலை வேலையும் கலையும் ஒன்றாகப் போகாதென்று எண்ணுவோருக்கு இன்னொரு வரலாறு உண்டு. நாசிப் படைகள் போலந்தைப் பிடித்துவைத்திருந்த காலம். கிராக்கோ நகரில் போலந்து மக்கள் நாடகம் நடத்தினால் கைதும் சாவும் வரலாம். 1941இல் அந்நகரின் இளைஞர் சிலர் மறைவாக ஒரு நாடகக் குழுவை அமைத்தனர். மேடை இல்லை, திரை இல்லை. நண்பர்களின் வீட்டுக் கூடங்களில், சன்னல்களை மூடிக்கொண்டு, தங்கள் மொழியின் காவியங்களைப் பேசி நடித்தனர். அவர்களில் ஒருவர் முதலில் கல்குவாரியிலும் பிறகு இரசாயனத் தொழிற்சாலையிலும் கூலிவேலை செய்தவர். பகலிலும் இரவிலும் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வந்த அந்தத் தொழிலாளியின் பெயர் கரோல் வொய்த்திவா. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் என்று உலகம் அவரை அறிந்தது. 1999இல் உலகக் கலைஞர்களுக்கென்றே அவர் ஒரு கடிதம் எழுதியதில் வியப்பில்லை.

ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரிசையைச் சற்று மாற்றிப் பேசலாம் என்பது என் வேண்டுகோள். பங்கில் பாடத் தெரிந்தவர், கூத்தாடத் தெரிந்தவர், முழவு கொட்டத் தெரிந்தவர் யார் யார் என்று அன்பியம் அன்பியமாக ஒரு பெயர்ப்பட்டியல் எடுப்போம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் நான்கு ஞாயிறுகளும் போதும். வரும் தவக்காலத்துக்கு ஆலய முற்றத்திலேயே ஒரு பாஸ்கா. அதில் சிவகங்கைக்காரரின் பாட்டும் ஜார்க்கண்டுக்காரரின் முழவும் சேரட்டும். காசு இருந்தால் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்துவோம். மண்டபத்துக்கான இடத்தைப் பிறகு பார்ப்போம். டிரலீ மக்கள் 34 ஆண்டுகள் பொறுத்தார்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.